டயர் கடை வாளியிலிருந்து துப்பாக்கிக் குண்டு வரை: பழைய காரீயம் பற்றி ஓர் அறிமுகம்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் குண்டுகளைக் கடையில் வாங்குவதில்லை. டயர் கடையில் கழித்துப் போட்ட, சக்கரத்தைச் சமநிலைப்படுத்தும் எடைத்துண்டுகள், பழைய வீட்டுக் கூரையின் தகடு, மூடிப்போன அச்சகத்தின் எழுத்து உலோகம், சுடுதளத்து மண்மேட்டில் புதைந்து கிடக்கும் பழைய குண்டுகள் என்று காரீயம் கிடைக்கும் இடமெல்லாம் தேடிப் பிடித்து, உருக்கி, அச்சில் ஊற்றித் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். அந்நாட்டுக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு என்றால் இதற்கு உரிமம் வேண்டியதில்லை. விற்பதற்கு என்றால் வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும்கூட அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் அடக்கம். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். இந்தப் பொழுதுபோக்குக்குள் நல்ல உலோகவியல் பாடம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதில்தான் ஆர்வம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சின்ன மூடி, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டதும் குழலைவிட்டுப் பறந்து போவது குண்டு மட்டும்தான். வீட்டில் வார்க்கப்படுவதும் அதுதான். பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது தனிக் கலை, அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

சரி, பழைய காரீயத்தை உருக்கி ஊற்றினால் குண்டு வந்துவிடாதா? வந்துவிடும். ஆனால் அது உதவுமா என்பது வேறு கேள்வி. ஏனென்றால் 'பழைய காரீயம்' என்று ஒரே ஒரு உலோகம் கிடையாது. கூரைத் தகட்டில் இருப்பது ஏறக்குறைய சுத்தமான காரீயம். டயர் எடைத்துண்டில் இருப்பது ஆன்டிமனி என்ற இன்னொரு உலோகம் கலந்தது. அச்சு எழுத்தில் இருப்பதோ ஆன்டிமனியும் வெள்ளீயமும் தாராளமாகச் சேர்ந்தது. உருக்கிக் கட்டியாக்கிவிட்டால் மூன்றும் பார்வைக்கு ஒரே சாம்பல் நிறம்தான். பழைய உலோகத்தின் மேல் யாரும் சீட்டு ஒட்டி வைப்பதில்லை. எந்தக் கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல்.

மென்மை ஒரு குணமா, குறையா?

காரீயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணங்கள் எளியவை. கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம் எடை, அதாவது இரும்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அளவு சிறிதாக இருந்தும் கனமாக இருப்பதால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது வேகம் சீக்கிரம் குறைவதில்லை. அப்புறம், 327.5 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். இரும்பை உருக்க 1,538 டிகிரி வேண்டும், அதற்கு உலை கட்ட வேண்டும். காரீயத்துக்கு ஒரு எரிவாயு அடுப்பு போதும். மலிவு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் அதன் மென்மையில் இருக்கிறது. சுத்தமான காரீயத்தில் நகத்தால் அழுத்தினால் கோடு விழும். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுபோல் வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள்; குண்டு அவற்றைப் பற்றிச் சுழன்றுகொண்டு வெளியேறினால்தான் நேராகப் போகும். மென்மையான குண்டை அதிக வேகத்தில் தள்ளினால் அது பள்ளங்களைச் சரியாகப் பற்றாமல் வழுக்கும். பின்னாலிருந்து வரும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்துக்கொண்டு முந்தும். இரண்டும் சேர்ந்து குழலின் உட்சுவரில் காரீயப் படலத்தை அப்பிவிடும். அதைச் சுரண்டி எடுப்பது பெரும் தலைவலி, குறியும் கெட்டுப்போகும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 1840களின் கடைசியில் பிரெஞ்சு ராணுவ அதிகாரி கிளாட்-எத்தியன் மினியே வடிவமைத்த குண்டு மென்மையையே மூலதனமாக்கியது. குழலைவிடச் சற்றுச் சிறியதாக இருப்பதால் வாய்ப்பக்கமாக எளிதாக உள்ளே போடலாம். அதன் அடிப்பக்கம் குழிவாக இருக்கும். மருந்து வெடித்ததும் வாயுவின் அழுத்தத்தில் அந்த அடிப்பகுதி விரிந்து வரிப்பள்ளங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் பயன்படுத்தியது பெரும்பாலும் இதன் வழிவந்த குண்டுகளைத்தான். கெட்டியான கலவையில் இதை வார்த்தால் அடி விரியாது, வேலையும் நடக்காது. இன்றும் அந்தக் காலத்து வகைத் துப்பாக்கிகளைச் சுடுபவர்கள் சுத்தக் காரீயத்தைத்தான் தேடி அலைகிறார்கள்.

ஆக, கெட்டியாக இருந்தால் நல்லது, மென்மையாக இருந்தால் மோசம் என்று ஒரு விதி கிடையாது. புதிதாக வருபவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான் என்று நினைக்கிறேன்: கிடைப்பதிலேயே கெட்டியானதைத் தேடிப் போவது. குறைந்த வேகக் கைத்துப்பாக்கிக்கு மிகக் கெட்டியான குண்டைப் போட்டால், அழுத்தத்தில் அது விரிந்துகொடுக்காமல், பக்கவாட்டில் வாயு கசிந்து, மென்மையான குண்டைவிட அதிகமாகக் காரீயம் அப்பும். குழலின் அளவுக்குக் குண்டு சரியாகப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கெட்டித்தன்மை அதற்கு அடுத்தது.

கெட்டித்தன்மையை எண்ணால் சொல்ல பிரினெல் அளவு என்று ஒன்று இருக்கிறது. ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் அறிமுகம் செய்தது. கடினமான ஒரு சிறு உருண்டையைத் தெரிந்த விசையில் உலோகத்தின்மேல் அழுத்தி, விழுந்த குழியின் அகலத்தை அளப்பார்கள். குழி பெரிதாக இருந்தால் எண் சிறியது. சுத்தமான காரீயத்துக்கு ஏறத்தாழ 5. டயர் எடைத்துண்டுக்கு 10ஐ ஒட்டி. லைனோடைப் எனப்படும் அச்சு உலோகத்துக்கு 22. நம்முடைய வேலை முழுவதும் இந்த 5க்கும் 22க்கும் நடுவில்தான்.

ஆன்டிமனி, வெள்ளீயம்: யாருக்கு என்ன வேலை?

காரீயத்தைக் கெட்டியாக்குவது ஆன்டிமனி. தனியாக எடுத்தால் கண்ணாடிபோல் உடைந்து நொறுங்கும் உலோகம் அது. காரீயத்தில் சிறிது சேர்ந்தால், குளிரும்போது நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து உள்ளே பரவி நின்று, மென்மையான காரீயம் எளிதில் நசுங்காமல் தடுக்கிறது. அளவு மீறினால் குண்டும் நொறுங்கும் குணத்தைப் பெற்றுவிடும்.

வெள்ளீயத்தின் வேலை வேறு. அதுவும் கொஞ்சம் கெட்டிப்படுத்தும், ஆனால் அதற்காக அதைச் சேர்ப்பது வீண் செலவு. உருகிய காரீயம் அச்சுக்குள் போகும்போது மூலை முடுக்குகளில் நுழையாமல் உருண்டு நிற்கப் பார்க்கும். மேற்பரப்பு இழுவிசையும் மேலே படியும் ஆக்சைடுப் படலமும் அதைத் தடுக்கின்றன. இரண்டு சதவீதம் வெள்ளீயம் சேர்ந்தால் போதும், உலோகம் தளர்ந்து ஓடி அச்சின் ஒவ்வொரு விளிம்பையும் நிரப்பும். விளிம்பு மழுங்கிய குண்டையும் கூர்மையான குண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். வெள்ளீயம் காரீயத்தைவிடப் பல மடங்கு விலை என்பதால், அமெரிக்காவில் பழைய சாமான் கடைகளில் பியூட்டர் குவளைகளையும் தட்டுகளையும் தேடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. இன்றைய பியூட்டரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெள்ளீயம்தான்.

இந்த மூன்று உலோகக் கூட்டணியைக் கண்டுபிடித்தது துப்பாக்கிக்காரர்கள் இல்லை, அச்சுக்காரர்கள். நம் ஊரில் அச்சுக்கோத்த காலத்து எழுத்துகளும் இதே குடும்பம்தான்: காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம். ஆன்டிமனி சேர்ந்தால் உலோகம் இறுகும்போது சுருக்கம் குறையும், ஆகவே எழுத்தின் முனை மழுங்காது. ஆட்மார் மெர்கென்தாலர் உருவாக்கிய லைனோடைப் இயந்திரம் 1886 ஜூலையில் 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழில் முதன்முதலாக வேலைக்கு வந்தது. தட்டச்சு செய்யச் செய்ய ஒரு முழு வரியை ஒரே துண்டாக வார்த்துத் தள்ளும் இயந்திரம் அது. அச்சடித்து முடிந்ததும் அத்தனை வரிகளையும் மறுபடி உருக்கி அடுத்த நாள் நாளிதழுக்குப் பயன்படுத்துவார்கள். இதற்குச் சீக்கிரம் உருகி சட்டென்று இறுகும் கலவை வேண்டும். 84 சதவீதம் காரீயம், 12 சதவீதம் ஆன்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம் என்ற விகிதத்தில் அந்தக் குணம் வருகிறது. மூன்றில் எளிதில் உருகும் வெள்ளீயத்தின் உருகுநிலை 232 டிகிரி. இந்தக் கலவை அதைவிடச் சற்றே மேலே, 240 டிகிரியை ஒட்டி உருகிவிடுகிறது. காரீயத்தைவிட ஏறக்குறைய தொண்ணூறு டிகிரி கீழே. இடையில் கூழ்போன்ற நிலை கிட்டத்தட்ட இல்லை. திரவமாக இருக்கும், அடுத்து திடமாகிவிடும்.

1978 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' ஈய அச்சுக்கோப்பைக் கைவிட்டது. அந்தக் காலகட்டத்தில் அமெரிக்கா முழுவதும் அச்சகங்கள் கணினிக்கு மாறின. டன் கணக்கில் லைனோடைப் உலோகம் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. குண்டு வார்ப்பவர்களுக்கு அது பொற்காலம். விகிதம் தெரிந்த, சுத்தமான, கெட்டியான உலோகம், அதுவும் மலிவாக!

அதை அப்படியே குண்டாக வார்ப்பது தேவையற்ற ஆடம்பரம். கலப்பதற்குத்தான் அது நன்றாக உதவும். கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். நான்கு கிலோ சுத்தக் காரீயத்தோடு ஒரு கிலோ லைனோடைப் சேர்க்கிறோம் என்று வையுங்கள். அந்த ஒரு கிலோவில் ஆன்டிமனி 120 கிராம், வெள்ளீயம் 40 கிராம். மொத்தம் ஐந்து கிலோ. ஆகவே புதிய கலவையில் ஆன்டிமனி 2.4 சதவீதம், வெள்ளீயம் 0.8 சதவீதம். டயர் எடைத்துண்டுக்கு அருகில் வந்துவிட்டோம். வெள்ளீயம் கொஞ்சம் போதாது, ஒரு பியூட்டர் குவளை அதைச் சரிசெய்யும். இந்தக் கணக்கு செய்ய ஒரே நிபந்தனை, கைவசம் உள்ள கட்டி எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டயர் கடை வாளி

ஒரு தலைமுறைக் காலம் இந்தப் பொழுதுபோக்கு ஓடியது டயர் கடைகளின் புண்ணியத்தில். சக்கரம் சமநிலையில் சுற்றுவதற்காக விளிம்பில் மாட்டும் சின்ன எடைத்துண்டுகளை நம் ஊர் அலைன்மென்ட் கடைகளிலும் பார்த்திருப்பீர்கள். டயர் மாற்றும்போது பழையதைப் பிடுங்கி வாளியில் எறிவார்கள். வாளி நிறைந்தால் கடைக்காரருக்கு அது இடைஞ்சல்தான், கேட்டவருக்குச் சும்மாவே தூக்கிக் கொடுத்த காலம் உண்டு. இதில் இரண்டு ரகம். இரும்புக் கொக்கியால் விளிம்பில் மாட்டுவது ஆன்டிமனி மூன்று நான்கு சதவீதம் கலந்த கெட்டி ரகம். உட்புறம் பசையால் ஒட்டும் பட்டை ரகம் சக்கரத்தின் வளைவுக்கு வளைந்துகொடுக்க வேண்டுமே, அதனால் அது ஏறக்குறைய சுத்தக் காரீயம். இரண்டையும் பிரித்து வைப்பவர் கெட்டிக்காரர்.

இப்போது அந்த வாளியை அப்படியே உருக்க முடியாது. சாலையில் தெறித்து விழும் எடைத்துண்டுகள் நசுங்கித் தூளாகி மண்ணிலும் நீரிலும் சேர்கின்றன என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் காரீயத் துண்டுகளுக்குத் தடை போட்டது. கலிஃபோர்னியாவில் 2010இலும் வாஷிங்டன் மாநிலத்தில் 2011இலும் அது நடைமுறைக்கு வந்தது. மேலும் சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. காரீயத்துக்குப் பதிலாக இரும்பும் துத்தநாகமும் வந்துவிட்டன. ஆகவே இன்றைய வாளியில் மூன்றும் கலந்து கிடக்கும். கூடவே டயர் வால்வு, சிகரெட் துண்டு, எண்ணெய்க் கறை பிடித்த துணி எல்லாம்.

இரும்பால் பிரச்சினை இல்லை. காந்தம் பிடித்துவிடும், தவறிப்போய் உள்ளே விழுந்தாலும் அது உருகாது, மிதக்கும். ஆமாம், உருகிய காரீயத்தில் இரும்பு மிதக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். எடைத்துண்டிலிருந்து கழன்ற கொக்கிகள் எல்லாம் மேலே வந்து குவிந்து நிற்க, ஓட்டைக் கரண்டியால் அள்ளிப் போடுவார்கள்.

துத்தநாகம்தான் வில்லன். 419.5 டிகிரியில் உருகும். காரீயம் அதற்கு முன்பே, 327 டிகிரியிலேயே உருகிவிடுவதால், வெப்பத்தை இரண்டுக்கும் நடுவில் பிடித்து நிறுத்தினால் துத்தநாகத் துண்டுகள் உருகாமல் மேலே மிதந்து வரும், எடுத்துவிடலாம். வெப்பமானி இல்லாமல் அடுப்பை முழுவீச்சில் எரியவிட்டவர்கள் அதையும் சேர்த்து உருக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் துத்தநாகம் கலந்தாலும் உலோகம் கஞ்சிபோல் திரிந்து, அச்சில் ஓடாமல், சுருக்கம் விழுந்த குண்டாக வெளியே வரும். மறுபடி பிரித்தெடுக்க வீட்டில் நல்ல வழி கிடையாது. ஒரு பாத்திரம் முழுவதும் வீண்.

அதனால் உருக்குவதற்கு முன்பே துண்டு துண்டாகச் சோதித்துப் பிரிக்கிறார்கள். பலவற்றில் எழுத்தே இருக்கும்: துத்தநாகத்தில் அதன் வேதிக் குறியீடு, இரும்பில் அதன் குறியீடு. எழுத்து தேய்ந்துபோனால் வெட்டுக் குறடு இருக்கிறது. காரீயத்தில் வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி, வெட்டிய இடம் பளபளக்கும். துத்தநாகம் அசையாது, குறட்டின் பல்தான் வழுக்கும். கான்கிரீட் தரையில் போட்டால் காரீயம் 'தொப்'பென்று விழும், துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும். இன்னும் சந்தேகம் என்றால் ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம். துத்தநாகம் நுரைத்துப் பொங்கும், காரீயம் சும்மா இருக்கும்.

வேறு எங்கே?

கூரை ஓரத் தகடுகள், பழைய குழாய்கள், எக்ஸ்ரே அறைச் சுவருக்குள் பதித்த தகடுகள்: மூன்றும் மென்காரீயம். பழைய தொலைபேசிக் கேபிள்களின் உறையில் ஒரு சதவீதம் போல ஆன்டிமனி இருக்கலாம். பாய்மரப் படகின் அடியில் பாரத்துக்காக வைத்த காரீயமும் சிலருக்குக் கிடைக்கிறது. அது டன் கணக்கு.

மருத்துவமனைகளுக்குக் கதிரியக்க மருந்து கொண்டுவரும் சிறு காரீயக் குப்பிகள் ரொம்ப விரும்பப்படுபவை. கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம். அதிகம் புழங்கும் டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், சில நாளில் அளக்கவே முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். குப்பியின் உலோகமும் கதிரியக்கமாக மாறுவதில்லை. ஆன்டிமனி கலந்த கெட்டி ரகம் என்பதால் எடைத்துண்டுக்குப் பதிலாகவே பயன்படுகிறது.

சுடுதளத்தின் மண்மேடு தனிச் சுரங்கம். பல வருடங்களாகச் சுட்ட குண்டுகள் அதில் புதைந்திருக்கும். உரிமையாளர் அனுமதித்தால் மண்ணைச் சலித்து எடுக்கலாம். இன்றைய தொழிற்சாலைக் குண்டுகளில் பல, காரீய உட்கருவின் மேல் செம்பு உறை போட்டவை. செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும் என்பதால் காரீயம் மட்டும் உருகி வழிய, உறைகள் காலியாக மேலே மிதக்கும். அவற்றையும் கழுவி விற்றுக் காசாக்குகிறார்கள். இந்த உலோகம் பல ரகக் குண்டுகளின் கலவையாதலால் பொதுவாக எடைத்துண்டைவிட மென்மை. இங்கே இரண்டு அபாயம். ஒன்று, சுடப்படாத முழுத் தோட்டா ஒன்று கலந்திருந்தால் பாத்திரத்துக்குள்ளேயே வெடிக்கும். இன்னொன்று ஈரம். மூடிய செம்பு உறைக்குள் மண்ணின் ஈரம் சிக்கியிருக்கும். தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அது உருகிய உலோகத்துக்கு அடியில் நடந்தால் பாத்திரத்திலிருப்பது முழுவதும் கூரைக்குப் பறக்கும். அனுபவசாலிகள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள்: பழைய உலோகத்தைக் குளிர்ந்த பாத்திரத்தில் போட்டுத்தான் சூடேற்றத் தொடங்க வேண்டும், உருகி நிற்கும் உலோகத்துக்குள் எதையும் எறியக் கூடாது.

கார் பேட்டரியைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. உலகில் காரீயத்தின் பெரும்பகுதி பேட்டரியில்தானே இருக்கிறது, அதை உடைத்தால் என்ன? வேண்டாம். உள்ளே கந்தக அமிலம் இருக்கிறது என்பது முதல் காரணம், ஆனால் அது சின்னக் காரணம். தட்டுகளில் உலோகமாக இருக்கும் காரீயம் குறைவு. மீதி காரீய ஆக்சைடும் சல்பேட்டும் நுண்தூளாக. அது சுவாசத்தில் போகும். பராமரிப்பு தேவையில்லாத பேட்டரிகள் வந்த பிறகு தட்டுகளில் கால்சியம் சேர்க்கிறார்கள். அந்தக் கால்சியம் உருக்கும்போது ஆர்செனிக்கோடும் ஆன்டிமனியோடும் சேர்ந்து கசடாகப் படிந்து, பிறகு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய நச்சு வாயுக்களை வெளியிடும். மறுசுழற்சி ஆலைக்கு விட்டுவிட வேண்டிய பொருள் இது.

பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது?

அழுக்கு உலோகத்தை முதலில் வெளியே, திறந்தவெளியில் உருக்கிச் சுத்தமாக்கி, சின்னக் கட்டிகளாக ஊற்றி வைக்கிறார்கள். குண்டு வார்ப்பது பின்னொரு நாள், வேறொரு சிறிய பாத்திரத்தில். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எண்ணெயும் ரப்பரும் புகைந்து நாறுவதோடு குண்டிலும் மணல் சேரும்.

உருகியதும் மேலே சாம்பல் நிற ஏடு படியும். அதை அழுக்கு என்று அள்ளி எறிபவர்கள் காசை எறிகிறார்கள். அதில் கணிசமான பங்கு வெள்ளீயம். காரீயத்தைவிட முந்திக்கொண்டு காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகி மேலே நிற்கிறது. ஒரு பிடி மரத்தூளையோ கொஞ்சம் மெழுகையோ போட்டுக் கிளறினால், எரியும் கரி அந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். வெள்ளீயம் உலோகமாகத் திரும்பிக் கீழே இறங்கும். மிஞ்சும் கறுப்புத் தூள்தான் நிஜமான கசடு. இந்தக் கிளறல் உலோகங்களை 'நன்றாகக் கலக்க' உதவுகிறது என்று பலர் சொல்வதுண்டு, அது சரியல்ல. வெள்ளீயம் ஒருமுறை காரீயத்தில் கரைந்துவிட்டால் தானாகப் பிரிந்து மேலே வராது. வருவது ஆக்சைடு.

எடைத்துண்டில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. ஆன்டிமனியோடு மிகச் சிறிது ஆர்செனிக்கும் அதில் உண்டு. அதனால், அச்சிலிருந்து சூடாக விழும் குண்டைத் தண்ணீரில் விட்டுச் சட்டென்று குளிரவைத்தால், தானாக ஆறிய குண்டைவிடக் கெட்டியாகிவிடும். ஆன்டிமனி பெரிய படிகமாகத் திரள நேரம் கிடைக்காமல் கரைந்த நிலையிலேயே மாட்டிக்கொள்கிறது, பிறகு நாள்கணக்கில் மெல்லப் பிரிந்து இறுக்குகிறது. பிரினெல் அளவில் 10 காட்டிய அதே கலவை 20ஐத் தொடலாம். சுத்தக் காரீயத்தை எவ்வளவு தண்ணீரில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது. உருகிய பாத்திரத்துக்கு அருகில் தண்ணீர் வாளி வைப்பது எனக்குப் பிடிக்காத யோசனை. இரண்டையும் தள்ளி வைத்தே செய்ய வேண்டும்.

இதெல்லாம் புதுப் பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 1776 ஜூலை 9ஆம் தேதி, சுதந்திரப் பிரகடனத்தை வாசிக்கக் கேட்ட கையோடு நியூயார்க் மக்கள் பௌலிங் கிரீன் சதுக்கத்தில் நின்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் சிலையை இழுத்துத் தள்ளினார்கள். காரீயத்தில் வார்த்துத் தங்க முலாம் பூசிய குதிரைவீரன் சிலை அது. துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட்டில் உள்ள லிச்ஃபீல்டு ஊருக்குப் போய், அந்தப் பிரகடனத்தில் பின்னர் கையெழுத்திட்ட ஆலிவர் வோல்காட்டின் வீட்டில் 42,088 குண்டுகளாயின. வார்த்தது படைவீரர்கள் அல்ல, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும். யார் எத்தனை வார்த்தார்கள் என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். வோல்காட்டின் சின்ன மகன் ஃபிரெடெரிக்கின் பங்கு 936.

நச்சு

சிறு பிள்ளையை அந்த வேலையில் விட்டதை இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. காரீயம் உடலில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும். குழந்தைகளின் மூளைக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் ரத்தத்துக்கான எச்சரிக்கை அளவை டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 ஆகக் குறைத்தது.

ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் அதிகம். பலரும் ஆவிக்குப் பயப்படுகிறார்கள். காரீயத்தின் கொதிநிலை 1,749 டிகிரி. வார்க்கும் வெப்பம் 400 டிகிரிக்கு இப்படி அப்படி. அந்த நிலையில் ஆவியாவது மிகச் சொற்பம். நிஜமான ஆபத்து அந்தச் சாம்பல் ஏட்டின் தூளில் இருக்கிறது. கசடை அள்ளும்போதும் கொட்டும்போதும் பறக்கும் தூள் கையில், சட்டையில், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். அதே கையால் பிஸ்கட் எடுத்தால் வயிற்றுக்குள். அதனால்தான் திறந்தவெளி, தனிச் சட்டை, தனிச் செருப்பு, வேலையின்போது சாப்பாடோ புகையோ கிடையாது, சமையலறைப் பாத்திரம் கிடையவே கிடையாது, ரத்தப் பரிசோதனை அவ்வப்போது என்று விதிகள் வைத்திருக்கிறார்கள். வலைக்கும் தூண்டிலுக்கும் ஈயக்குண்டு வார்ப்பவர்கள் நம் கடற்கரையிலும் உண்டு, இந்தப் பத்தி அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

வற்றிவரும் ஊற்று

மிசூரி மாநிலத்தின் ஹெர்குலேனியத்தில் 1892 முதல் இயங்கிய காரீய உருக்காலை 2013 டிசம்பரில் மூடப்பட்டது. தாதுவிலிருந்து காரீயம் எடுத்த கடைசி அமெரிக்க ஆலை அதுதான். உடனே, குண்டுகளை ஒழிக்கத்தான் அரசு இந்தக் கொல்லைப்புற வழியைத் தேடுகிறது என்று ஒரு வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. அமெரிக்காவில் புழங்கும் காரீயத்தில் பெரும்பங்கு பழைய பேட்டரிகளை மறுசுழற்சி செய்து வருவது, அந்த ஆலைகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. குண்டுத் தொழிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பொழுதுபோக்காளர்களுக்கு நெருக்கடி வந்தது வேறு பக்கத்திலிருந்து. வேட்டையில் விழுந்த விலங்கின் மிச்சத்தைத் தின்னும் கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகள், அதிலிருக்கும் காரீயச் சிதறலால் நஞ்சேறிச் சாகின்றன. 1982இல் அந்த இனத்தில் உயிரோடு எஞ்சியிருந்தவை வெறும் 22. 2019 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் வேட்டைக்குக் காரீயக் குண்டு முழுவதும் தடை. இலக்குப் பலகையைச் சுடுவதற்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் அச்சகங்கள் போய்விட்டன, டயர் வாளியில் காரீயம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. ஆகவே இப்போது பலர் விகிதம் குறித்துச் சான்றோடு வரும் கலவைக் கட்டிகளையே ஆலைகளிடம் விலைக்கு வாங்குகிறார்கள். அதில் சோதிக்கவோ பிரிக்கவோ எதுவும் இல்லை. விலையைக் கூட்டிப் பார்த்தால், சில அளவுகளில் கடைக் குண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.